இருப்புப்பாதை ஈன்ற சிற்றூர்கள்

"எந்த ஊரம்மா நீ?" என்று வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவியைச் சிஸ்டர் கேட்கிறார்.

"மயிலம், சிஸ்டர்" என்கிறாள் அவள்.

"மலைமேல் முருகன் கோயில் இருக்கிறதே, அந்த மயிலமா?"

"இல்லை சிஸ்டர், ஸ்டேஷன் பக்கம்."

இது போன்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே வாழும் நமக்கு இது புதிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் சற்றே நின்று சிந்தித்தால் சில கேள்விகள் எழுகின்றன. ஒரே பெயரில் ஓர் ஊரும் ஒரு ஸ்டேஷனும் ஏன் தனித்தனியே இருக்கின்றன? மக்கள் வாழும் ஊரை விட்டுவிட்டு, அப்பால் ஒரு பொட்டலில் நிலையத்தைக் கட்டியது ஏன்? கட்டிய பின் அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும் எவ்வாறு முளைத்தன? நாள்தோறும் நாம் சன்னல் வழியே பார்த்துச் செல்லும் அந்தச் சிறிய இரயிலடிக் குடியிருப்புகளின் பிறப்பு வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஏரி தந்த ஊரும் இரும்பு தந்த ஊரும்

நம் நாட்டில் ஊர்கள் பிறந்த விதம் பெரும்பாலும் ஒன்றே. முதலில் நீர் வேண்டும், ஆகவே ஏரி. ஏரிக்குக் கீழே வயல். வயலுக்கு அருகே வீடு. வீடுகள் நடுவே கோயில். இந்த வரிசையில்தான் நம் முன்னோர் குடியேறினர். ஊர்ப் பெயர்களே இதற்குச் சான்று. திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிவனம்' என்பதன் திரிபு என்பர். திந்திரிணி என்றால் புளியமரம். புளியங்காடாக இருந்த இடமே இன்று நகரமாக நிற்கிறது. முண்டியம்பாக்கத்தின் 'பாக்கம்' குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்கள் பலவற்றில் அச்சொல் பெரிய ஏரியை நினைவூட்டுகிறது. இப்பெயர்களில் மரம் உண்டு, மண் உண்டு, நீர் உண்டு. இரும்பு மட்டும் இல்லை!

கடல் கடந்த நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், 1870-களில் பர்லிங்டன் இருப்புப்பாதைக் கம்பெனி பரந்த புல்வெளியின் நடுவே பாதை போட்டது. வழியில் பெயர் சொல்ல ஊரே இல்லாத இடங்கள் பல. எனவே நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசைப்படியே பெயர் சூட்டிவிட்டார்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட் என்று அவ்வரிசை நீள்கிறது. அங்கே முதலில் பெயர்ப்பலகை வந்தது. பிறகுதான் ஊர் வந்தது.

நம் பகுதியில் அவ்வாறன்று. ஊர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. இரயில் பின்னால் வந்தது. வந்த இரயில் தனக்கு வசதியான இடத்தில் நிலையத்தைக் கட்டிக்கொண்டு, பெயரை மட்டும் அருகிலுள்ள ஊரிடம் கடன் வாங்கிக்கொண்டது. அதனால்தான் நம் பக்கத்தில் ஒரே பெயருக்கு 'ஊர்' என்றும் 'ஸ்டேஷன்' என்றும் இரண்டு முகங்கள்.

பாதை வந்த கதை

1874-ஆம் ஆண்டில் இரண்டு கம்பெனிகள் ஒன்றாக இணைந்து 'தென்னிந்திய இரயில்வே' என்னும் கம்பெனி உருவாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1870-இல், வைசிராய் மேயோ பிரபுவின் அரசு ஒரு முடிவு செய்திருந்தது. அகலப்பாதை அமைக்கச் செலவு மிகுதியாவதால், இனிச் சில பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் அமைக்கலாம் என்பதே அம்முடிவு. அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையில் 1,000 மில்லிமீட்டர். பாதை குறுகினால் மண்மேடு குறுகும், பாலம் சிறிதாகும், செலவு இறங்கும். சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர் வழியாகத் தெற்கே செல்லும் நம் பாதை மீட்டர் பாதையாகவே போடப்பட்டது. 1870-களில் கட்டம் கட்டமாக அமைந்த இப்பாதை, 1880-ஆம் ஆண்டுக்குள் தூத்துக்குடி வரை தொடர்ச்சியாக நிறைவு பெற்றது.

அந்த ஆண்டுகளைச் சற்று நினைவிற் கொள்ள வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போமே, அதுதான். இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது அரைக்கிலோவிற்கும் குறைவான தானியமும், ஓர் அணாவும் போதும் என்று கணக்கிட்ட காலமும் அதில் உண்டு. நம் பகுதியில் தண்டவாளம் வந்ததும் மக்கள் பட்டினியால் சாய்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். பஞ்சத்தை ஆராய 1880-இல் அறிக்கை தந்த ஆணைக்குழு, பஞ்சம் தாக்கும் பகுதிகளுக்கெல்லாம் இருப்புப்பாதையை விரிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. தானியம் கையிருப்பில் இருந்தாலும் அதை ஊருக்குக் கொண்டு சேர்க்க வழி வேண்டுமல்லவா?

நிலையத்தை எங்கே அமைப்பது?

பொறியாளர் வரைபடத்தை விரித்துவைத்துப் பாதை வகுக்கும்போது ஊரைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்ப்பார். பாதை இயன்றவரை நேராகச் செல்ல வேண்டும். ஏற்றம் மெதுவாக இருக்க வேண்டும். ஏரியின் உட்புறமும் நஞ்சையும் ஆகா. மழையில் மண் இளகும், நிலத்திற்குக் கொடுக்கும் விலையும் அதிகம். நம் ஊர்களோ ஏரியையும் நஞ்சையையும் ஒட்டியே இருப்பவை. ஆகவே பாதை பல இடங்களில் ஊரை விட்டு விலகி, மேட்டுப் புன்செய் வழியே சென்றது. நிலையமும் அங்கேயே அமைந்தது.

அடுத்த கேள்வி: எத்தனை தூரத்திற்கு ஒரு நிலையம்? இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். அன்று இருந்தது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், ஒரு வண்டி நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு இடையே 15 கிலோமீட்டர் தூரம் என்றும், வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். எதிர்வண்டி வந்து சேரும் வரை ஒதுங்கிய வண்டி அரைமணி நேரம் காத்திருக்க நேரிடும். நடுவே இன்னொரு நிலையம் இருந்தால் காத்திருப்பு கால்மணி நேரமாகக் குறையும். எனவே பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், வண்டிகள் கடப்பதற்காகவே இடைநிலையங்கள் தேவைப்பட்டன.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். இடையே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நான்கு நிலையங்கள். வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஏழு அல்லது எட்டுக் கிலோமீட்டருக்கு ஒன்று வருகிறது! இது தற்செயல் அன்று.

மூன்றாவது தேவை நீர். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தண்ணீர். குறிப்பிட்ட தூரத்திற்கொரு முறை ஆயிரக்கணக்கான காலன் நீரை அது குடித்தாக வேண்டும். நீருக்காக நின்ற நிலையங்களில் ஆழமான கிணறும், உயரமான தொட்டியும், எஞ்சினுக்கு நீர் வார்க்கும் வளைந்த குழாயும் அமைந்தன.

முதற்குடிகள் யார்?

இனி, அந்தப் பொட்டலில் முதன்முதலாக உலை வைத்தவர்கள் யார் என்று பார்ப்போம்.

முதலில் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர், மாற்றலில் வந்தவர். நிலையத்தை ஒட்டி அவருக்கொரு குவார்ட்டர்ஸ். அடுத்து, பாதையை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்; கைகாட்டி விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பவர்; லெவல் கிராசிங்கில் கேட்கீப்பர். இவர்களெல்லாம் இரவும் பகலும் அருகிலேயே இருந்தாக வேண்டியவர்கள். எனவே இவர்களுக்கும் வீடுகள் எழுந்தன.

இவர்களினும் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் கேங்மேன்கள். சில கிலோமீட்டர் பாதைக்கு ஒரு கூட்டம். அதற்கு ஒரு மேஸ்திரி. சரிந்த ஜல்லியை ஏற்றுவது, சிலீப்பர் கட்டைகளைச் சீராக்குவது, தண்டவாளம் விலகாமல் நெம்புவது ஆகியவை அவர்கள் பணி. கூட்டத்தில் ஒருவர் கீமேன். கையில் சுத்தியலும் ஸ்பேனரும், சிவப்புக்கொடியும் பச்சைக்கொடியும் ஏந்தி, தன் பங்குப் பாதை முழுவதையும் நாள்தோறும் நடந்தே பார்த்து வருவது அவர் கடமை. கழன்ற ஆப்பு ஒன்றைக் கண்டால் அடித்து இறுக்குவார். பெரும் பழுதைக் கண்டால் வண்டியை நிறுத்துவார். கேங்மேன் வேலைக்குச் சுற்றுப்புறத்து நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தே பலர் வந்தனர்.

ஆட்கள் வந்தால் அவர்களுக்கு அரிசி வேண்டும், உப்பு வேண்டும், காப்பி வேண்டும். ஒரு மளிகைக் கடை வந்தது. அதற்கடுத்து ஒரு டீக்கடை. வண்டிக்குக் காத்திருப்போரை ஊருக்கு ஏற்றிச் செல்ல மாட்டுவண்டிகள் வந்து நின்றன. வண்டி மாடுகள் நின்ற இடத்தில் வேப்பமரமும் புளியமரமும் நிழல் தந்தன. இவ்வாறு பத்து வீடு இருபதாயிற்று. 'ஸ்டேஷன் தெரு' என்ற பெயர் நிலைத்தது.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். பழைய ஊரில் வருமானம் அறுவடையைப் பொறுத்தது. மழை பொய்த்தால் குடும்பமே தவித்தது. ஸ்டேஷன் தெருவிலோ மாதம் பிறந்தால் சம்பளம். தொகை சிறிதுதான், ஆனால் அது வானத்தை நம்பியதன்று. களத்துமேட்டில் நெல்லாகக் கூலி பெற்ற குடும்பங்களுக்கு, பணமாகச் சம்பளம் எண்ணி வாங்குவது புது அனுபவம். மாதம் தவறாமல் வருமானம் வரும் வீட்டில், பிள்ளையைக் கூலிக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் துணிவு பிறக்கிறது. பள்ளியோ பத்து மைலுக்கு அப்பால். ஆனால் வாசலிலேயே இரயில் நிற்கிறதே! ஆகவே மகனும், சற்றுத் தாமதமாகவேனும் மகளும், பாசஞ்சர் வண்டியில் ஏறிப் படிக்கப் போனார்கள்.

அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியும் ஒரு பள்ளிக்கூடந்தான். ஊரில் ஒரே தெருவில் நடக்கத் தடை செய்யப்பட்டவர்கள், அங்கே ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்து உட்கார வேண்டியதாயிற்று. சீட்டு வாங்கியவரெல்லாம் பயணி. அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு வேறு கணக்குத் தெரியாது. பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டும் வழக்கம் இரயிலால் ஒழிந்துவிடவில்லை. எனினும், அதனை மீறி வாழ இயலும் என்பதை மக்கள் கண்ணால் கண்டது அங்கேதான்.

ஒற்றைப் பாதையின் சாவி

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமல் காத்தது எது? நம்மில் பலருக்கு இது தெரிந்திராது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரண்டு பெட்டிகள் இருக்கும். இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மணியொலியால் பேசி இசைந்தால்தான் அதிலிருந்து ஒரு டோக்கன் வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்பப் போடும்வரை இரு பெட்டிகளிலிருந்தும் இன்னொன்றை எடுக்கவே முடியாது. அந்த டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கே பாதை சொந்தம்.

நிற்காத வண்டிகளுக்காக, டோக்கனைப் பையில் இட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டித் தூக்கிப் பிடிப்பார்கள். ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி அதைப் பற்றிக்கொண்டு, பழைய வளையத்தை மேடையில் எறிந்துவிட்டுச் செல்வார்கள். நள்ளிரவில், கொட்டும் மழையில், அரிக்கேன் விளக்கோடு வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற மனிதர் யார்? பெயர் தெரியாத சிற்றூரின் பெயர் தெரியாத ஊழியர். வண்டிக்குள் உறங்கிய நூற்றுக்கணக்கானோருக்கு அவர் இருந்ததே தெரியாது.

எல்லை கடந்த கிளைப்பாதை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இல் ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு நாட்டின் ஆட்சியில் இருந்தது. எனவே பாதையின் ஒரு பகுதி ஆங்கிலேய மண்ணிலும், மீதி பிரெஞ்சு மண்ணிலும் அமைந்தது. பிரெஞ்சுப் பகுதி 'பாண்டிச்சேரி இரயில்வே' என்ற கம்பெனிக்கு உரியது. வண்டி ஓட்டியதோ தென்னிந்திய இரயில்வே. சுமார் 38 கிலோமீட்டர் பயணத்தில் இரண்டு அரசுகள்! எல்லையைக் கடக்கும்போது சுங்கச் சோதனை வேறு.

வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று செல்லும் அப்பாதையின் செல்வம் எது தெரியுமா? நம் வயல்களில் விளையும் மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வோமே, அது தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் செழித்து விளைந்தது. மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகம் சென்று, அங்கிருந்து கப்பலில் பிரான்சு நாட்டின் மார்செய்ல் நகரத்தை அடைந்தது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. மாட்டுவண்டி வந்து நிற்கும் சிற்றூர் நிலையத்திற்கும் மத்தியதரைக் கடலுக்கும் இப்படியொரு தொடர்பு!

இதே பாதையில் உள்ள வில்லியனூரில்தான் 1870-களில் லூர்து அன்னை திருத்தலம் எழுந்தது. பாஸ்கா காலத் திருவிழாவிற்கு விழுப்புரம் பக்கத்து விசுவாசிகள் அன்று முதல் பல தலைமுறைகளாக இவ்வழியே சென்று வந்துள்ளனர். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1962-இல் சட்டப்படியும் இணைந்தது. எல்லைச் சோதனை மறைந்தது. பாதை மட்டும் நிலைத்தது.

அரியலூர் தந்த பாடம்

1956 நவம்பர் 22 இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. திண்டிவனத்தையும் நாம் மேலே கண்ட சிறு நிலையங்களையும் கடந்து விழுப்புரம் வந்து, விருத்தாசலம் வழியாகச் செல்லும் திருச்சிப் பாதையில் திரும்பியது. விடியற்காலை அரியலூருக்கு அருகே, மருதையாற்றுப் பாலம் பெருவெள்ளத்தால் நிலைகுலைந்திருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இரயில்வே அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி அவர்கள், பொறுப்பேற்றுத் தம் பதவியைத் துறந்தார்.

மழைக்காலத்தில் இரவுதோறும் தண்டவாளத்தின்மேல் நடந்து செல்லும் மனிதரின் பணி எத்தகையது என்பதை இந்தத் துயரம் நமக்கு உணர்த்துகிறது. அவர் கையில் ஒரு விளக்கு, சிவப்புக்கொடி, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும் சில பட்டாசுகள். அவ்வளவே. பாலத்தடியில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, மண் எங்கே அரிக்கிறது என்று பார்ப்பது அவர் கடமை. அதற்கு அவர் பாதைக்கு அருகிலேயே வாழ வேண்டும். ஸ்டேஷன் தெரு பிறந்ததற்கு ஆழமான காரணம் இதுவே. எஞ்சினுக்கு நீர் வேண்டும் என்பதும் வண்டிகள் ஒதுங்க இடம் வேண்டும் என்பதும் உண்மைதான். அவற்றினும் மேலாக, யாரேனும் ஒருவர் அங்கே விழித்திருக்க வேண்டும்!

பிறந்த காரணங்கள் மறைந்தன

1944-இல் தென்னிந்திய இரயில்வேயை அரசு ஏற்றது. 1951-இல் அது தெற்கு இரயில்வேயின் பகுதியாயிற்று. 1960-களில் தாம்பரம் முதல் விழுப்புரம் வரை மின்சார எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. மின்சார எஞ்சினுக்குத் தாகம் இல்லை. எனவே நீர்த்தொட்டிகள் வறண்டன. 1998-இல் அகலப்பாதை வந்தது, வேகம் கூடியது. புதுச்சேரிக் கிளை 2004-இல் அகலமாயிற்று. 2010-களின் தொடக்கத்தில் செங்கற்பட்டு - விழுப்புரம் பாதை இரட்டைப் பாதையாயிற்று. போக ஒன்று, வர ஒன்று என்றான பின் எதிர்வண்டிக்காகக் காத்திருப்பது ஏது? பிரம்பு வளையமும் டோக்கனும் நினைவாகிவிட்டன. கைகாட்டி மரம் போய் வண்ண விளக்குகள் வந்தன. மல்லாட்டை மூட்டைகளை லாரிகள் ஏற்றிக்கொண்டன.

எல்லா நிலையங்களும் ஒரே கதியை அடையவில்லை. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை அமைந்தது. நம் உழவர்களுக்கான உர மூட்டைகள் சரக்கு இரயிலில் அங்கே வந்திறங்குகின்றன. 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. ஐந்து திசைகளிலிருந்தும் பாதைகள் கூடும் விழுப்புரமோ, 1993-இல் மாவட்டத் தலைநகரமே ஆகிவிட்டது. ஆனால் இவ்வாறு கைகொடுக்க வேறு தொழில் இல்லாத சிறு நிலையங்களில், எக்ஸ்பிரஸ் வண்டிகள் சீழ்க்கை ஒலியோடு விரைந்து மறைகின்றன.

2020 மார்ச் மாதம் பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதும் பயணிகள் வண்டிகள் நின்றன. அதுவரை பத்து ரூபாய்ச் சீட்டில் படிக்கவும் பிழைக்கவும் போய்வந்தவர்கள் தவித்தனர். மீண்டும் வண்டிகள் ஓடியபோது, பாசஞ்சர் வண்டிகள் பல எக்ஸ்பிரஸ் என்ற பெயரோடு வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது மீண்டும் பத்து ரூபாயாகக் குறைந்தது. போக இருபது, வர இருபது என்று நாளொன்றுக்கு நாற்பது ரூபாய் கூடுதல். வசதியுள்ளோருக்கு அது சிறு தொகை. இரண்டு பெண்களைப் படிக்க வைக்கும் கூலித் தொழிலாளிக்கு அது பெருஞ்சுமை. மூத்தவளை நிறுத்திவிட்டு இளையவளை மட்டும் அனுப்பலாமா என்று ஒரு தந்தை எண்ணிப் பார்க்க அந்த நாற்பது ரூபாயே போதும்.

ஒரு பாலமும் ஒரு நாளும்

அப்படியானால் அந்தச் சிற்றூர்களுக்கு இனி வேலையே இல்லையா? 2024 நவம்பர் இறுதியையும் டிசம்பர் தொடக்கத்தையும் நினைவுகூர்வோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. உடனே அவ்வழியே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையிலான பல வண்டிகள் ரத்தாயின. சில மாற்றுப்பாதையில் சென்றன. பயணிகள் பெரிதும் அல்லலுற்றனர். ஆனால் அந்தப் பாலத்திலிருந்து ஒரு பெட்டியும் ஆற்றில் விழவில்லை.

1956-ஐயும் 2024-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். கருவிகள் மாறின, எஞ்சின் மாறியது, பாதையின் அகலமும் மாறியது. நீரின் அளவைக் கண்டு, 'நில்' என்று சொல்ல வேண்டிய கடமை மட்டும் மாறவில்லை. நிலையத்தின் மற்றக் காரணங்களெல்லாம் மறைந்த பின்பும் விழித்திருத்தல் என்னும் முதற்காரணம் மறையவில்லை. நம் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டதும் அந்த விழிப்பைத்தானே!

நாம் செய்யத்தக்கவை

பெரிய நகரங்களின் வரலாற்றை எழுத அறிஞர்கள் உண்டு. பத்து வீடுகள் உள்ள ஸ்டேஷன் தெருவின் வரலாற்றை அங்கே வாழ்பவர்களே எழுதினால்தான் உண்டு. ஆகவே அன்புச் சகோதரிகளே, வரும் விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். நம் குடும்பம் எப்போது இங்கு வந்தது? நிலையத்துக் கிணற்றைத் தோண்டியவர் யார்? முதன்முதலாக இரயிலேறிப் பள்ளிக்குச் சென்ற பெண் யார்? விடைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். முதியவர் ஒருவர் மறையும்போது ஒரு நிலையத்தின் ஏடுகளே மறைந்துவிடுகின்றன.

பெற்றோர்களிடமும் ஒரு விண்ணப்பம். வண்டி நிற்காத நாளிலும் மகளின் படிப்பு நிற்கக் கூடாது. அந்தத் தண்டவாளம் நம் குடும்பங்களுக்குக் கொடுத்த பெரிய சொத்து சம்பளம் அன்று. அடுத்த ஊருக்குப் போய்ப் படிக்கலாம் என்ற எண்ணமே.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை அமைக்கும் திட்டம் 2000-களில் அறிவிக்கப்பட்டது. அது நிறைவேறும் நாளில், இன்று பெயர் மட்டுமே உள்ள சில பொட்டல்களில் புதிய ஸ்டேஷன் தெருக்கள் பிறக்கும். அங்கே முதலில் உலை வைக்கப்போகும் குடும்பம் எதுவோ, அதன் மகளும் ஒருநாள் நம் பள்ளி போன்ற ஒரு பள்ளியின் வாசலில் வந்து நிற்பாள்.

இனி இரயிலில் போகும்போது, கொளுத்தும் வெயிலில் சுத்தியலோடு ஓரமாக ஒதுங்கி நின்று, நம் வண்டி கடக்கும் வரை பச்சைக்கொடி காட்டும் அந்தத் தொழிலாளியைக் கண்டால் ஒரு கணம் கையசைப்போம். அவர் நடந்து பார்த்த பாதையில்தான் நாம் உட்கார்ந்து செல்கிறோம். இரவெல்லாம் விழித்திருந்து நம்மைக் காக்கும் அனைவரையும் இறைவன் காப்பாராக!